முறுக்கிலேயே வாழும் ரப்பர்

காரின் முன்சக்கரத்தை வண்டியோடு பிணைத்துவைக்கும் பாகங்களில் மிகச் சிறியது ஒரு ரப்பர் துண்டு. உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய். வெளியே அதைவிடப் பெரிய இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவே, இரண்டோடும் ஒட்டிக்கொண்டு, கெட்டியான கறுப்பு ரப்பர். பட்டறையில் இதைப் புஷ் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தப் பொருள் கெட்டுப்போனால் புதிய டயர்கூட ஒரு ஓரமாகத் தேயும், ஸ்டியரிங் அலையும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வீட்டு வாசலில் வைத்தே இதை மாற்ற முடியும். ஆனால் அந்த வேலையில் ஒரே ஓர் இடத்தில் அவசரப்பட்டால், போட்ட புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும். அந்த இடம் எது, ஏன் என்று சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம். அதற்கு முதலில் ரப்பரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940களில் வடிவமைத்த இது, 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 1983-இல் வந்த மாருதி 800-இன் முன்பக்கமும் இதே வகைதான். இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அடிப்பகுதி, சக்கரம் சுழலும் நக்கிள் என்ற வார்ப்பைப் பிடித்திருக்கும். நக்கிளின் கீழ்ப்புறத்தைத் தாங்கி நிறுத்துவது லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை. அந்தக் கையின் வெளி முனையில் பால் ஜாயிண்ட் என்ற சுழலும் உருண்டை மூட்டு. உள் பக்கத்தில், வண்டியோடு சேரும் இரண்டு இடங்களில், இடத்துக்கு ஒன்றாக இரண்டு புஷ்கள்.

இந்த இரண்டு புஷ்கள் செய்யும் வேலையை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள ஒரு கார் அவசரமாக நிற்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர்கள் புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு வரை வேகத்தைக் குறைக்கக்கூடியவை. அப்படியென்றால் மொத்த பிரேக் விசை 800 கிலோ எடைக்குச் சமம். வண்டியின் எடை முன்னால் சாய்வதால் அதில் ஏறத்தாழ 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகும். ஒரு சக்கரத்துக்கு 280 கிலோ. இந்த விசை டயர் தரையைத் தொடும் இடத்தில் பின்னோக்கிச் செயல்படுகிறது. தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் லோயர் ஆர்முக்கு நெம்புகோல் கணக்கில் இது இன்னும் கூடுதலாகவே வந்து சேரும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு சக்கரத்தை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நகரவிடாமல் புஷ்கள் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில், சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போதெல்லாம் ஆர்ம் தடையில்லாமல் மேலும் கீழும் ஆட அனுமதிக்கவும் வேண்டும். போதாததற்கு, சாலையின் உறுமல் வண்டிக்குள் போகாமல் வழியிலேயே விழுங்கவும் வேண்டும்.

ஒரு திசையில் கல்லாகவும் இன்னொரு திசையில் தளர்வாகவும் இருக்க வேண்டிய பொருள் இது. பழைய வண்டிகளில் இந்த இடத்தில் உலோகத்தின் மேல் உலோகம் சுழலும் மூட்டுகள் இருந்தன. அவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். மணலும் தண்ணீரும் புகுந்தால் அரைத்துத் தின்றுவிடும். அதிர்வு அப்படியே உள்ளே போகும். இரண்டு உலோகக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை இறுக்கி வைக்கும் யோசனை 1920களில் பிரான்சில் சைலண்ட்பிளாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நூறு ஆண்டுகள் ஆகியும் அதன் அடிப்படை மாறவில்லை.

இயற்கை ரப்பரின் மூலக்கூறு, ஐசோப்ரீன் என்ற சிறிய அலகு ஆயிரக்கணக்கில் கோத்து உருவான நீண்ட சங்கிலி. சாதாரண வெப்பநிலையில் இந்தச் சங்கிலிகள் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொன்றும் நெளிந்தும் சுருண்டும் பக்கத்துச் சங்கிலியோடு சிக்கியும், சிக்கலான நூல்கண்டைப்போல் கிடக்கிறது. ரப்பரை இழுக்கும்போது நாம் அணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில்லை. சுருண்டிருந்த சங்கிலிகளை நேராக்குகிறோம், அவ்வளவுதான். விட்டதும் அவை மறுபடி சுருள்கின்றன. காரணம், நேராக நிற்பதற்கு ஒரே வழி. சுருண்டு கிடப்பதற்கோ எண்ணற்ற வழிகள். வெப்பத்தின் ஓயாத அசைவு சங்கிலியை அந்த எண்ணற்ற வழிகளுக்கே திருப்பித் தள்ளுகிறது. எஃகு ஸ்பிரிங் மீள்வதும் ரப்பர் மீள்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

இதன் முதல் தடயத்தை 1805-இல் பதிவு செய்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். ரப்பர் பட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தால் அது சூடாவதையும், தளரவிட்டால் குளிர்வதையும் அவர் உணர்ந்து எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு, 1859-இல், இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் துல்லியமாக அளந்து இதை உறுதிசெய்தார். அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து, கஃப் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள். உதடு வெப்பத்தை நன்றாக உணரும் உறுப்பு. முதல் முறையிலேயே தெரிந்துவிடும். உங்கள் காரின் புஷ்ஷுக்குள்ளும் இதேதான் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் நடக்கிறது. அதோடு, உருமாறி மீளும்போது ரப்பர் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக்கிவிடுகிறது. சாலையின் அதிர்வு காதுக்கு வராமல் நடுவழியில் காணாமல் போவது இப்படித்தான்.

ஆனால் மரத்திலிருந்து எடுத்த ரப்பரை அப்படியே வைத்தால் இந்த வேலைக்கு ஆகாது. சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, பொருள் மெல்ல உருமாறிவிடும். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீர்வதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடையே பாலம் போடுகின்றன. பிறகு சங்கிலிகள் நெளியலாம், நீளலாம், ஆனால் ஓடிவிட முடியாது. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளின் கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தொடக்கம் அதுதான். இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரங்களில் சிரட்டையில் வடியும் பாலும் அந்த மரத்தின் பால்தான். அதில் கந்தகமும் கார்பன் கரியும் சேர்த்து, அச்சில் இரண்டு குழாய்களுக்கு நடுவே வைத்துச் சூடாக்கினால் ரப்பர் கெட்டிப்படும். முன்பே பசை பூசிய இரும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டியும் கொள்ளும். புஷ் தயார்.

இப்போது, ஒரே பொருள் கல்லாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டிய அந்த முரண்பாட்டுக்கு வருவோம். ரப்பரின் வடிவத்தை மாற்றுவது எளிது. கன அளவைக் குறைப்பது மிகக் கடினம். இரண்டாவதற்குத் தேவைப்படும் முயற்சி முதலாவதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். வெட்டவெளியில் இருக்கும் ரப்பர் கட்டையை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அதனால் மென்மையாகத் தெரியும். அதையே இரண்டு குழாய்களுக்கு நடுவே மெல்லிய அடுக்காக அடைத்து, சுவரோடு ஒட்டியும் வைத்துவிட்டால் பிதுங்க இடமே இல்லை. பக்கவாட்டில் அழுத்தும் விசைக்கு அது ஏறத்தாழ இரும்பைப்போல் நின்றுகொள்கிறது. ஆனால் உள்குழாயை வெளிக்குழாய்க்குள் திருகினால் கன அளவு மாற வேண்டியதே இல்லை. ரப்பர் சாய்ந்து கொடுத்தால் போதும். அதனால் முறுக்குக்கு இளகுகிறது. ஒரே துண்டு, இரண்டு குணம். எனக்குத் தெரிந்து வண்டியில் இதைவிடச் சிக்கனமான பொறியியல் வேறு எங்கும் இல்லை.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டியது: புஷ்ஷுக்குள் எதுவும் சுழல்வதில்லை, எதுவும் வழுக்குவதில்லை. வெளிக்குழாய் ஆர்மின் கண்ணுக்குள் இறுகியிருக்கிறது. உள்குழாயை, அதன் வழியே போகும் போல்ட், வண்டியின் பிராக்கெட்டோடு நசுக்கிப் பிடித்திருக்கிறது. ஆர்ம் ஆடும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, பிறகு அவிழ்கிறது. வாழ்நாள் முழுவதும் அதன் வேலை இது ஒன்றுதான். கடைசியில் நாம் போல்ட்டை இறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அந்தக் கோணத்தையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும்.

ரப்பர் ஏன் கெடுகிறது? சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள்தான் அதன் பலவீனமான இடம். காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளை வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் இந்த வெட்டு திறந்துகொண்டு ஆழமாகும். இழுவிசைக்குக் குறுக்காக வெடிப்புகள் ஓடும். இன்ஜின் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து கூடுதல் பாலங்களைப் போட்டு ரப்பரை விறைக்க வைக்கும். கசியும் இன்ஜின் ஆயில் புஷ்ஷின் மேல் சொட்டினால் வேறு வகைக் கேடு: ஆயிலும் ரப்பரும் ஹைட்ரோகார்பன்கள் என்பதால் ரப்பர் அதை உறிஞ்சி ஊதிப்போய், தன் வலுவை இழக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் குழாயைத் துருவாக்கி, ஒட்டு இருந்த இடத்தில் ரப்பரை அடியிலிருந்தே உரித்துவிடும். இவற்றோடு, வேகத்தைக் குறைக்காமல் ஏறி இறங்கும் ஒவ்வொரு வேகத்தடையும் தன் பங்கைச் செலுத்துகிறது.

புஷ்ஷின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகளைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. பல ஆண்டு ஓடிய எந்த ரப்பரிலும் அவை இருக்கும். கவலைக்குரியவை மூன்று: ரப்பர் குழாயைவிட்டுப் பிரிந்திருப்பது, வெடிப்பு ஆழமாக உள்ளே இறங்கியிருப்பது, உள்குழாய் நடுவைவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது. வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே நீளமான கம்பியை வைத்து மிதமாக நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் கொடுத்து, உடனே திரும்பும். கெட்டது தளதளவென்று ஆடும், அல்லது டொக்கென்று இரும்பில் இடிக்கும். மேட்டில் டொக் டொக் என்று கேட்கும் ஒலிக்கு புஷ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடும், ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள மவுண்டும், பால் ஜாயிண்டும் அதே ஒலியைத்தான் எழுப்பும். பல வண்டிகளில் முதலில் போவது லிங்க் ராடுதான், அதை மாற்றுவது இதைவிட எளிது. அதனால் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்துவிட்டே செலவு செய்யுங்கள்.

கெட்ட புஷ்ஷோடு ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு டயரின் கணக்கைச் சொல்லலாம். ஆர்ம் தன் இடத்தைவிட்டு நகரும்போது சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங்கின் டை ராடு தன் நீளத்தை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் சக்கரம் லேசாகத் திரும்பி நிற்கும். போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நிற்கும் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது, பக்கவாட்டில் ஏறத்தாழ 9 மீட்டர் உரசுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் உரசல். டயரின் விலையோடு புஷ்ஷின் விலையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அவசர பிரேக்கில் வண்டி நேராக நிற்குமா என்பதோ விலை போட முடியாதது.

இனி வேலைக்கு வருவோம். நான் சொல்வது ஸ்பிரிங் முழுவதும் ஸ்ட்ரட்டிலேயே அடைபட்டிருக்கும் மெக்ஃபெர்சன் வகைக்கு மட்டும் பொருந்தும். இதில் லோயர் ஆர்மைக் கழற்றினாலும் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வராது. ஷாக் அப்சார்பரின் நீளமே அதைத் தடுக்கும். ஆனால் ஸ்பிரிங் நேரடியாகக் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளிலும், அம்பாசடரைப்போல், முறுக்கியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் உள்ள வண்டிகளிலும் ஆர்முக்குள் பெரும் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

தூக்குவதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். வண்டி சமதளத்தில், தன் எடையோடு நிற்கும்போது, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். பிறகு இது தேவைப்படும்.

கெட்டியான சமதளம், கியரில் வண்டி, ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை. ஜாக்கியால் தூக்கி, உற்பத்தியாளர் குறித்த இடத்தில் ஸ்டாண்டுகளை வைத்து வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. அடுக்கிய செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கையில்லாமல் நொறுங்கும். முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்குவது நல்லது. ஒன்றை மட்டும் தொங்கவிட்டால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி, கழற்றும்போதும் மாட்டும்போதும் எதிர்த்துக்கொண்டே இருக்கும். புஷ்களை இரண்டு பக்கமும் மாற்றுங்கள், அவை ஒரே வயதுடையவை. ஆனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் அப்படியே இருக்கும்.

போல்ட்டுகளில் துரு விடும் ஸ்பிரேயை முந்தின இரவே அடித்து வையுங்கள், ரப்பரில் படாமல். இந்த வேலையில் ஆளைச் சோர்வடைய வைக்கும் கட்டம், புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட போல்ட்தான். ஸ்பானரைத் திருப்பும்போது போல்ட் திரும்பும், ஆனால் வெளியே வராது. குழாயும் சேர்ந்து திரும்பி ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். புஷ் எப்படியும் போகப்போகிறது, ஆகவே பலமாக முன்னும் பின்னும் திருப்பித் துருவை உடைக்கலாம். நெருப்பு வைத்து ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, பக்கத்திலேயே பெட்ரோல் வண்டியும் நிற்கிறது. வேண்டவே வேண்டாம்.

பால் ஜாயிண்டைப் பிரிப்பதற்குப் பல சிறிய கார்களில் ஒரு குறுக்குப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முழுதாக உருவ வேண்டும். அது பால் ஜாயிண்டின் தண்டிலுள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. போல்ட் வெளியே வந்த பின் ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு இறங்கும். கூம்புத் தண்டு உள்ள வகையானால், நட்டைத் தளர்த்திவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் கூம்பு விடும். தண்டின் மரையை நேராக அடித்தால் மரை சிதையும். ரப்பர் உறையையும் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்த பால் ஜாயிண்டுக்குள் மண் புகுந்தால் அதன் ஆயுள் குறைவு.

ஆர்ம் கைக்கு வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். புஷ்களும் பால் ஜாயிண்டும் பொருத்தப்பட்ட முழு ஆர்மே கடையில் கிடைக்கும். பால் ஜாயிண்டும் ஆட்டம் கண்டிருந்தால் முழு ஆர்ம் வாங்குவதே நல்லது, வீட்டில் பிரஸ் இல்லாதவர்களுக்கு அதுதான் சுலபமும்கூட. பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, புஷ் மட்டும் போயிருந்தால், அதை அழுத்தி எடுத்து அழுத்திப் போடலாம்.

அழுத்துவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும் என்பதில்லை. கடினமான 12 மில்லிமீட்டர் மரைத் தண்டு ஒன்று, நட்டுகள், தடித்த வாஷர்கள், தகுந்த அளவில் இரண்டு குழாய்த் துண்டுகள் போதும். புஷ் போய் விழும் பக்கத்துக் குழாய், புஷ்ஷின் வெளிக்குழாயைவிட அகலமாக இருக்க வேண்டும். தள்ளும் பக்கத்துக் குழாய் சற்றுக் குறுகலாக. இந்த எளிய கருவியின் வலிமையைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையை 20 கிலோ அளவுக்குக் கையால் இழுக்கிறீர்கள். ஒரு முழுச் சுற்றில் உங்கள் கை 188 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. நட்டு முன்னேறுவதோ 1.75 மில்லிமீட்டர். உராய்வே இல்லாத உலகத்தில் உங்கள் 20 கிலோ 21 டன்னாகப் பெருகும். நிஜத்தில் மரையின் உராய்வும் வாஷரின் உராய்வும் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிடும். தின்றது போக எஞ்சுவது ஏறத்தாழ இரண்டு டன். புஷ்ஷை நகர்த்த வழக்கமாக அது போதும். மரையில் கிரீஸ் தடவினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். தகட்டால் ஆன ஆர்மானால் கண்ணுக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் தகடு மடங்கிவிடும்.

புதியதைப் போடுவதற்கு முன் பழைய புஷ் எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று படம் எடுத்து, ஆர்மில் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். இதில் காரணம் இருக்கிறது. ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷில் பெரும்பாலும் ரப்பரில் வேண்டுமென்றே விட்ட இரண்டு வெற்றிடங்கள் இருக்கும். வெற்றிடம் இருக்கும் திசையில் ரப்பர் பிதுங்க இடம் உண்டு, அதனால் அந்தத் திசையில் மென்மை. குறுக்குத் திசையில் உறுதி. சக்கரம் குழியில் மோதும்போது ஒரு நூலளவு பின்னால் போய் அடியை உள்வாங்கட்டும், ஆனால் வளைவில் பக்கவாட்டில் அசையக் கூடாது என்று வடிவமைத்தவர் திட்டமிட்டிருக்கிறார். புஷ்ஷைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டால் அந்தத் திட்டம் தலைகீழாகிவிடும்.

புதிய புஷ்ஷை இரவு முழுவதும் ஃபிரீசரில் வைத்தால் வேலை எளிதாகும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த இறுக்கப் பொருத்தங்களே மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளைக் கொண்டுதான் நிற்கின்றன. ஃபிரீசர் குளிரால் ரப்பருக்குக் கேடு எதுவும் வராது; இயற்கை ரப்பர் கண்ணாடியைப்போல் உடையும் நிலைக்குப் போக மைனஸ் 70 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். ஆர்மின் கண்ணைத் துருவில்லாமல் தேய்த்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பருக்கு ஆகாதவை. அழுத்தும்போது விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயையோ ரப்பரையோ பிடித்துத் தள்ளினால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஒட்டு கிழிந்துவிடும்.

ஆர்மை மாட்டுங்கள். போல்ட்டுகளைக் கையால் திருகி, ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். இறுக்காதீர்கள். பால் ஜாயிண்டின் போல்ட்டை மட்டும் முழுதாக இறுக்கலாம், அது சுழலும் மூட்டு.

நான் முதலில் சொன்ன இடம் இதுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சுமார் 32 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்மின் முனை, வண்டி தரையில் நிற்கும் நிலையைவிட 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், சாய்வு ஏறத்தாழ 14 டிகிரி. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அதையே ஓய்வு நிலையாகக் கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலேயே 14 டிகிரி முறுக்கிக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பரில் இது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் சாய்வு. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும் இரவிலும் அது அப்படியே இழுபட்டு நிற்கும். மேட்டில் ஏறும்போது அதன் மேல் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடும். இழுபட்ட ரப்பரில்தான் ஓசோன் வெட்டு ஆழமாகிறது என்று பார்த்தோம். நல்ல புஷ் இப்படித்தான் காலத்துக்கு முன்பே கிழிகிறது. பழி ரப்பரின் தரத்தின் மேல் விழுகிறது.

ஆகவே சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைப் பலமுறை அழுத்திவிட்டு ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்த பிறகே புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஸ்பானர் நுழைய இடம் இல்லையென்றால், நான்கு சக்கரங்களையும் ஒரே உயரமுள்ள அகலமான கெட்டிப் பலகைகள் மேல் நிறுத்துங்கள், அல்லது முன்சக்கரங்களைச் சரிவு மேடையில் ஏற்றுங்கள். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. எழுதிவைத்த அளவோடு இப்போதைய அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் இறுக்குங்கள். பின்பக்கப் புஷ்ஷின் போல்ட் செங்குத்தாக நிற்கும் வகையிலும் இதே முறையைப் பின்பற்றுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுங்கள், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். உள்குழாயைப் பிராக்கெட்டோடு நசுக்கிப் பிடிப்பது அந்த இறுக்கம்தான். அது குறைந்தால் குழாய் வழுக்கி, இரும்பை இரும்பு அரைக்கத் தொடங்கும். நைலான் வளையமுள்ள நட்டுகளுக்குப் புதியவை போடுங்கள். மரையில் ஆயில் தடவாதீர்கள். கையேட்டின் எண் உலர்ந்த மரைக்கானது என்றால், ஆயில் உராய்வைக் குறைத்து, அதே எண்ணில் போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும்.

பிறகு வீல் அலைன்மென்ட். இதைத் தள்ளிப்போடக் கூடாது. புஷ் மாறியதும் சக்கரத்தின் கோணமும் மாறியிருக்கும். மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, பிரேக்கில் இழுக்கிறதா, ஒலி வருகிறதா என்று கவனித்து, சில நாளில் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

இந்த வேலையைச் செய்யக் கருவியோ இடமோ நேரமோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பட்டறையில் கொடுத்துச் செய்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: புஷ் மாற்றி முடிக்கும் நேரத்தில் அங்கே இருங்கள். வண்டி இன்னும் தூக்கிய நிலையில் இருக்கும்போது ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கப் போனால், கீழே இறக்கி, சக்கரம் எடையைத் தாங்கிய பிறகு இறுக்கும்படி மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். புஷ்ஷின் ஆயுள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.